டி-டைமர் பார்க்கும் முன் மூச்சை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில், வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி முற்றுமா முற்றாதா என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், எல்டிஹெச், இன்டர்லூக்கின்-6 என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தாண்டினால் ஆபத்து என்றும் பக்கத்திலேயே கொடுத்திருந்தீர்கள். தப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பரிசோதனைகள் யாருக்கு, காய்ச்சலின் எத்தனையாவது நாளில் என்ற ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாமல் அந்த அட்டவணை வீடுகளுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் 31 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தம் எடுப்பதும் எண்ணுவதும்தான் எனக்குச் சோறு போட்டது, என் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தது. ரத்தப் பரிசோதனையைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆனிச் சாரலில் கருங்கல்லில் இருக்கும் என் மயினிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்குக் காய்ச்சல். வயது 64. தொண்டைவலி, மேல்வலி, இருமல். ரெண்டாவது நாளே அண்ணன் மகன், தெருமுனை லேபில் 'ஃபீவர் பேக்கேஜ்' என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக்கே வந்து எடுப்பார்கள் என்று எடுக்க வைத்துவிட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. டி-டைமர் 620, பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு சிவப்பு 'ஹெச்', அதாவது 'ஹை', அளவு கூடுதல் என்று. பையன் கூகுளில் தட்டிப் பார்த்திருக்கிறான், கண்டிப்பாக அழுதிருப்பான், அப்புறம் எனக்குப் போன் போட்டான். "மாமி, அம்மைக்கு ரத்தம் கட்டியாவுதாம், நான் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோறேன்" என்றான். லேய், முதல்ல அம்மைக்கு மூச்சு எப்படி இருக்குன்னு பாரு என்று நான் கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. அந்த மழையில் களியக்காவிளை தாண்டி, நடு ராத்திரி அங்கே போய்ச் சேர்ந்தால், டாக்டர் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருக்கிறார், 98. வராந்தாவில் நடக்கச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டினார், 97. கஞ்சி குடிச்சீங்களா என்று கேட்டு, பாரசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். விடியக்காலம் நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்த மயினிக்குக் காய்ச்சலைவிட அலைச்சலில்தான் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை.

அந்த 620-க்கு வருவோம். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற நார் வலை உண்டாகிறது, வேலை முடிந்ததும் உடம்பு அதைக் கரைக்கிறது, கரையும்போது மிஞ்சும் துண்டுதான் டி-டைமர். நுரையீரலில் கட்டி இருந்தால் கூடும், சரிதான். ஆனால் கர்ப்பத்திலும் கூடும், ஆபரேஷனுக்குப் பிறகும் கூடும், எந்தத் தொற்றிலும் கூடும், வயது ஏற ஏறத் தானாகவே கூடும். பொதுவாக எல்லை ஒரு மில்லிக்கு 500 நானோகிராம். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டுப் பார்க்கும்போது, 50 வயது தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி அதையே எல்லையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 64 வயதுக்கு 640. மயினி அதற்கும் உள்ளேதான் இருந்தார்! ஆனால் லேப் கம்ப்யூட்டருக்கு இருபது வயதுப் பையனும் அறுபத்து நாலு வயதுக் கிழவியும் ஒன்றுதான், 500 தாண்டினால் சிவப்பு. இன்னொரு கூத்தும் இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு எஃப்இயு, டிடியு என்று இரண்டு அளவு முறைகள், ஒரே ரத்தத்துக்கு முதல் முறையில் வரும் எண் இரண்டாவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு லேபில் 300, மறுநாள் இன்னொரு லேபில் 600 என்று பார்த்து, ஒரே நாளில் டபுள் ஆகிவிட்டதே என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2020 மார்ச்சில் லான்செட் இதழில் வந்த வூஹான் ஆய்விலிருந்து. அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 191 பேரில் 54 பேர் இறந்தார்கள். சேரும்போதே டி-டைமர் 1000-ஐத் தாண்டியிருந்தவர்களுக்குச் சாவு ஆபத்து கூடுதல் என்று அதில் கண்டார்கள். கவனியுங்கள், எல்லோரும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருப்பவருக்குப் போட்டால் எப்படிப் பொருந்தும்?

இது ஒரு பக்கம். மறுபக்கம் இதைவிட மோசம்.

2021 இரண்டாவது அலையில், என்னோடு வேலை பார்த்தவளின் தம்பி, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். காய்ச்சலின் மூன்றாம் நாள் சிஆர்பி பார்த்திருக்கிறார், 8 தான் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடம் எல்லாம் "எனக்க ரத்தத்தில ஒண்ணுமில்ல கேட்டேளா" என்று காட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் அக்காவோடு போனில் பேசும்போது ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க முடியவில்லை, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கியிருக்கிறார். அவளுக்குப் பொறி தட்டி ஆளை அனுப்பி ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்த்தால் 84. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் ஆக்ஸிஜனில் கிடந்து பிழைத்து வந்தார். அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாளுக்கு 8 சரியாகவே இருந்திருக்கும். கொரோனா பலருக்கு ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் திரும்பிக் கடித்தது.

சிஆர்பி என்பது ஈரல் செய்கிற ஒரு புரதம். 1930-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியின் உடலில் உள்ள 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும், முக்கியமாக இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் கொடுக்கும் தகவலை வைத்து, ஈரல் இதைக் கொட்ட ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சம் போகும், காரணம் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். அதனால் ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, இரண்டு நாள் இடைவெளியில் பார்த்த இரண்டு எண்களுக்குத்தான் மதிப்பு. அப்புறம், எங்கே அழற்சி என்று அது சொல்லாது. பல்லில் சீழ் இருந்தாலும் கூடும். நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் வயலிலும் தோட்டத்திலும் இறங்குகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் நன்றாகவே கூடும். அடினோ வைரஸ் வந்த குழந்தைக்கு 100 கூடப் போகும், மூன்றாம் நாள் அது பந்து விளையாடிக்கொண்டிருக்கும்.

குளச்சலில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதுபோலத்தான் இது. கூண்டு எண் ஏறினால் கடல் சரியில்லை என்று தெரியும், எந்த வள்ளம் கவிழும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வள்ளத்தில் ஓட்டை இருக்கிறதா, யார் ஓட்டுகிறார், எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதெல்லாம் வேறு கணக்கு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை கிடைப்பதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள் கதி என்ன ஆனது என்பதை நம் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வேறு கணக்கை உண்மையிலேயே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அதைக் காணோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2020 செப்டம்பரில் பிரிட்டனிலிருந்து '4சி' என்ற மதிப்பெண் முறை வெளியானது. 260 ஆஸ்பத்திரிகளில் கொரோனாவோடு சேர்ந்தவர்களில் 35,000 பேருக்கு மேல் எடுத்து உருவாக்கி, இன்னும் 22,000 பேருக்கு மேல் வைத்துச் சரிபார்த்தார்கள். கடைசியில் தேறியது எட்டே விஷயங்கள்: வயது, ஆணா பெண்ணா, கூட இருக்கும் நோய்கள், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, நினைவு தெளிவாக இருக்கிறதா, யூரியா, சிஆர்பி. மொத்தம் 21 மார்க். இதில் லேபுக்குப் போக வேண்டியது இரண்டுக்குத்தான். அந்த இரண்டும் விலை மலிவானவை, எந்தச் சின்ன ஊரிலும் பார்க்கக் கூடியவை. டி-டைமர், ஃபெரிட்டின், இன்டர்லூக்கின் ஒன்றும் அந்த எட்டில் கிடையாது. மார்க் போடுவதையும் பாருங்கள். சிஆர்பி 100 தாண்டினால் 2 மார்க், வயது 80 தாண்டினால் 7 மார்க்! ஆதார் கார்டில் இருக்கும் பிறந்த வருடம் லேப் ரிப்போர்ட்டைவிடக் கூடுதலாகச் சொல்கிறது, அதுவும் காசில்லாமல். இதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரியவர்களுக்காக, அன்றைய கொரோனாவுக்காக வந்த கணக்குதான், வீட்டில் வைத்துப் போட்டுப் பார்க்க அல்ல. ஆனாலும் எதற்கு எவ்வளவு எடை என்பது இதில் தெரிகிறது இல்லையா.

ரத்தக் குறியீடு பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நன்றாகப் பயன்பட்ட இடமும் உண்டு. பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில் டோசிலிசுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தை யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று பிரிக்க, ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே போயிருக்க வேண்டும் அல்லது ஆக்ஸிஜன் வைத்திருக்க வேண்டும், கூடவே சிஆர்பி 75-ஆவது இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கூடவே என்ற அந்த வார்த்தைதான் முக்கியம். அதே ரிகவரி ஆய்வுதான் 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் முடிவையும் சொன்னது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை அந்த ஸ்டீராய்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்ஸிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் நம்மூரில் நடந்தது என்ன? சிஆர்பி 30 என்றதும் மருந்துக்கடையிலேயே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கினவர்கள் எத்தனை பேர். அதில் சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை 400, 500 என்று எகிறியதை ஸ்லைடும் டியூபுமாக நான் பார்த்தேன், அதற்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்ததை எல்லோரும் பார்த்தோம். 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியாவே, லேசான நோயும் சரியான ஆக்ஸிஜன் அளவும் இருப்பவர்கள் இந்த ரத்தக் குறியீடுகளை எடுக்கத் தேவையில்லை, பீதிதான் மிஞ்சும் என்று சொன்னார். கேட்டது யார்.

லேபுக்குள் நடக்கும் ஒன்றிரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்டிஹெச் என்பது செல்கள் உடையும்போது வெளியே வருவது, நுரையீரல் சேதமானால் கூடும். ஆனால் சிவப்பணு உடைந்தாலும் கூடும். அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீடுகளில் ரத்தம் எடுத்து, பைக் பெட்டியில் போட்டு, நம் ரோட்டுக் குழிகளில் எல்லாம் இறக்கி ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது டியூபுக்குள்ளேயே அணுக்கள் உடைந்திருக்கும். சுழலவிட்டுப் பிரித்ததும் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். செம்பருத்திப் பூவைக் கசக்கின தண்ணீர் மாதிரிச் சிவப்பாக நின்றால் அந்த எல்டிஹெச்சை நம்பக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கிறார்களா? டி-டைமருக்கு நீல மூடி டியூப், அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்று கணக்கு, கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். நரம்பு கிடைக்காத பாட்டியிடம் பாதி டியூப் எடுத்துக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு, அதையும் மிஷினில் வைத்துவிடுவார்கள். ஃபெரிட்டின் கதை வேறு. உடம்பில் இரும்புச்சத்தைச் சேர்த்து வைக்கும் புரதம் அது. இரும்புச்சத்து இல்லாத பெண்களுக்கு அது பத்துக்குக் கீழே கிடக்கும், காய்ச்சலில் ஏறி அறுபதோ எழுபதோ வந்தால் 'நார்மல்' என்று அச்சாகும். அவளுக்கு ரத்தசோகை இருப்பதும் தெரியாது, அழற்சி இருப்பதும் தெரியாது.

இத்தனையும் போக, நான் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பழைய சிபிசியைத்தான், அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் ஸ்லைடில் லீஷ்மன் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நூறு வெள்ளையணுவை ஒவ்வொன்றாக எண்ணுவோம். நியூட்ரோஃபில் எத்தனை, லிம்ஃபோசைட் எத்தனை என்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பொதுவாக மூன்றுக்குள் வரும். வைரஸ் காய்ச்சல் முற்றுகிறவர்களுக்கு லிம்ஃபோசைட் சரிந்துகொண்டே போகும், இந்த வகுத்தல் விடை ஏறிக்கொண்டே போகும். கொரோனாவிலும் அப்படித்தான் கண்டார்கள். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, ஸ்டீராய்டு விழுங்கியிருந்தால் நோய் முற்றாமலே இந்த விடை ஏறும். அதனால்தான் வருகிறவரிடம் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பேன், ரத்தம் எடுக்க வந்தவளுக்கு எதற்கு அதெல்லாம் என்பது போலப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் இன்னும் நல்ல சோதனைகள் வருகின்றன, மறுக்கவில்லை. ட்ரெயில், ஐபி-10, சிஆர்பி என்ற மூன்று புரதங்களைச் சேர்த்துப் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று பிரிக்கும் சோதனைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் 29 மரபணுக்களின் செயல்பாட்டை அரை மணி நேரத்தில் பார்த்து, நோய் முற்றுமா என்றும் சேர்த்துச் சொல்லும் ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அனுமதி வந்தது. அதுவும் அவசரப் பிரிவில், டாக்டர் எதிரே நிற்கும்போது பார்ப்பது. நம் தெருமுனைக்கு வரும்போது அதையும் பேக்கேஜில் சேர்த்துவிடுவார்கள், அதுதான் என் கவலை.

வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஆக்ஸிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள், மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில், கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு. 94-க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் கிளம்ப வேண்டியதுதான். கறுத்த தோலில் இந்தக் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு என்பதால், 94, 95 என்று நின்று ஆள் சோர்ந்து கிடந்தாலும் காத்திருக்க வேண்டாம். கருவி இல்லையா, கடிகாரத்தை வைத்து நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். அவருக்குத் தெரியாமல் எண்ணுவது நல்லது, தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். பெரியவர்களுக்கு 24-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரி, 30 என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 40, அதற்குக் கீழே இரண்டு மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50. இவ்வளவையும் அட்டவணையாகப் போட்டால் உங்கள் பக்கத்தில் நாலு விரல்கடை இடம்கூடப் பிடிக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். மழைக்காலத்தில் மட்டுமாவது அவர்கள் பையில் ஒரு ஆக்ஸிமீட்டரையும் போட்டு அனுப்பினால், கடற்கரையிலும் மலையோரத்திலும் தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு அது எந்த பேக்கேஜையும்விடப் பிரயோஜனம். மாவட்ட சுகாதாரத் துறையினர் இதை யோசிக்க வேண்டும். தனியார் லேப்காரர்களும், ரிப்போர்ட்டில் சிவப்பு ஹெச் போடும் இடத்துக்குப் பக்கத்தில், எந்த அளவு முறை, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று இரண்டு சொல் சேர்த்து அச்சடித்தால் குறைந்துபோக மாட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் டி-டைமர் எடுக்க மாட்டோம் என்று ஒரு போர்டு வைத்தால் இன்னும் சந்தோஷம், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மயினி இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ரிப்போர்ட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் பல் பிடுங்கப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.